பிடிபட்ட பாம்பும் பிடிபடாத காரணமும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைப் பக்கம் வயல்களை மனையாக்கி எழுப்பிய தெருக்களில், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "போன மாசந்தானே ஒரு பாம்பைப் பிடிச்சுக் குடுத்தோம்? அதே கழிவுத்தண்ணிக் குழாய் ஓரமா இப்ப இன்னொண்ணு கெடக்குதே!" பக்கத்து வீட்டுப் பாட்டி உடனே காரணம் சொல்லிவிடுவார். ஜோடியைத் தேடி வந்திருக்கிறது, பிடித்துக் கொடுத்தவர்களைச் சும்மா விடாது என்பார். வீட்டுக்காரர் மறுபடி கைபேசியை எடுப்பார். பாம்பு பிடிப்பவர் வருவார், கால் மணி நேரத்தில் பையோடு கிளம்பிவிடுவார். அடுத்த மழைக்கு மூன்றாவது பாம்பு வரும்.

பாட்டியின் விளக்கத்தில் துளி உண்மை உண்டு. இணைசேரும் பருவத்தில் பெண் பாம்பு ஊர்ந்த தடத்தில் படியும் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆண் பாம்புகள் பின்தொடரும். ஆனால் பாம்புகள் குடும்பமாக வாழ்வதில்லை. நம் நாட்டுப் பாம்புகளில் பொதுவாக ஆணும் பெண்ணும் இணைசேர்ந்த பிறகு தத்தம் வழியே போய்விடும். ஒரு முகத்தை நினைவில் வைத்துப் பழிதீர்க்கும் மூளையும் அவற்றுக்கு இல்லை. அப்படியானால் அதே குழாய் ஓரத்துக்கு ஏன் அடுத்த பாம்பு வருகிறது?

பேருந்து நிலையத்து டீக்கடையை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் காலி செய்துவிட்டுப் போனால் அந்த இடம் எத்தனை நாள் சும்மா கிடக்கும்? கூட்டம் இருக்கிறது, தண்ணீர் வசதி இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. ஒரு வாரத்தில் வேறொருவர் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார். பாம்பு விஷயத்திலும் நாம் அப்புறப்படுத்துவது கடைக்காரரைத்தான். கடை அப்படியே இருக்கிறது.

பாம்புக்கு வேண்டியவை மூன்று: இரை, மறைவிடம், ஏற்ற வெப்பம். முதல் இரண்டும் எளிதில் புரியும். மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. பாம்பு அந்தச் செலவைச் செய்வதில்லை. சுற்றுப்புறத்திலிருந்து சூட்டைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இத்தகைய உயிரிகளைப் புறவெப்பச் சார்பிகள் எனலாம். அதனால்தான் ஒரு எலியை விழுங்கிவிட்டுப் பல நாள் பட்டினி கிடக்க அதனால் முடிகிறது. அதனால்தான் பகல் வெயிலை உள்வாங்கி இரவிலும் கதகதப்பாக இருக்கும் செங்கல் குவியலும் கான்கிரீட் பலகைகளுக்கு அடியிலுள்ள இடுக்கும் அதற்கு ஏற்ற இடமாகின்றன.

இனி திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஓடும் நிலம். ஏரிக்குக் கீழே வயல், வயலுக்குப் பக்கத்தில் புதர்க்காடு, கிழக்கே பழவேற்காடு ஏரி. தவளைக்கும் எலிக்கும் குறைவில்லாத இந்த நிலத்தில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது. மேய்ச்சல் நிலமாகவும் காடாகவும் இருந்த பரப்பில் தேர்வாய்கண்டிகை தொழிற்பேட்டையும் வந்தது. தொழிற்சாலை வந்ததும் பாம்பு எல்லாம் ஊரைக் காலி செய்துவிடும் என்று நினைப்போம். நடப்பது வேறு. உணவுக்கூடத்தின் எச்சில் சோறு பெருச்சாளியை அழைக்கிறது. சுற்றுச்சுவர் ஓரம் அடுக்கிய பழைய மரப்பலகையும் இரும்புக் கழிவும் மறைவிடம் தருகின்றன. மூடாத வடிகாலில் தவளைகள் சேர்கின்றன. பாம்புக்கு வேண்டிய மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்துவிட்டு, அது ஏன் வருகிறது என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் இதே மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வாழ்கிறார்கள். இருளர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் பாம்பு பிடிப்பதும் வயலில் எலி பிடிப்பதும் அவர்களின் பரம்பரைத் தொழில். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-இல் பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இந்தச் சங்கம்தான் நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கைத் தந்துவந்திருக்கிறது.

அங்கே பாம்புகளை மண்பானையில் இட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி, சில வாரங்கள் மட்டும் வைத்திருப்பார்கள். நான்கு முறை நஞ்செடுத்த பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். விடும் முன் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு ஒன்று இடுவார்கள். அண்மையில் நஞ்சு கொடுத்த பாம்பே மறுபடி பிடிபட்டால் அந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். உயிரியலாளர்கள் விலங்குகளை எண்ணக் கையாளும் குறியிட்டு மீள்பிடிக்கும் முறைக்கு அடிப்படையும் இதே உத்திதான்.

இருளரின் திறமை கையின் வேகத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கண்ணில் இருக்கிறது. மணலில் ஊர்ந்த தடம், வளைவாயில் வழவழப்பாகத் தேய்ந்த மண், வேலியில் சிக்கிய சட்டை, எலிமயிர் கலந்த எச்சம், இவற்றைக் கொண்டே உள்ளே இருப்பது எது, எத்தனை நாளாக இருக்கிறது என்று கணிப்பார்கள். 2017-இல் இதை உலகமே பார்த்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்க அம்மாநில வனவிலங்குத் துறை, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அழைத்தது. முதல் 8 நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் நான்கு, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் கிடைத்தவை. அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. மனிதர் கட்டிவிட்டுக் கைவிட்ட கான்கிரீட் பொந்துதான் அங்கே பாம்புக்கு மிகச் சிறந்த வளையாக அமைந்தது. சிப்காட் வளாகங்களின் மூலையில் கிடக்கும் பழைய குழாய்க் குவியலுக்கும் இதே கதைதான். அந்த இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அனுபவக் கண்ணுக்குத் தெரிவதை ஆய்வுக்கூடங்கள் வேறு வழியில் சரிபார்த்திருக்கின்றன. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை அள்ளி, வாயின் மேலண்ணத்திலுள்ள நுகர்வு உறுப்புக்குக் கொண்டுபோகிறது. அது ஏன் பிளவுபட்டிருக்க வேண்டும்? கர்ட் ஷ்வெங்க் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1994-இல் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். இரண்டு காது இருப்பதால் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிகிறது. அதுபோலவே இரண்டு நுனிகளும் இரண்டு இடத்து வாசனையை ஒரே நேரத்தில் ஒப்பிடுகின்றன. இடது நுனியில் எலி வாசனை கூடுதலா, இடது பக்கம் திரும்பு. இப்படியே இருட்டிலும் தடம் தவறாமல் அடுப்படி வரை வந்துவிடுகிறது. நம் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் வாசற்படி, பாம்பின் நாக்குக்கு எலிகள் போட்ட நெடுஞ்சாலையாக இருக்கலாம்.

காது விஷயமும் அப்படித்தான். பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் கிடையாது. தரையின் அதிர்வை அது உடம்பாலும் தாடை எலும்பாலும் உணர்கிறது. காற்றில் வரும் ஒலி அறவே கேட்காது என்று நெடுநாள் சொல்லிவந்தோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19 பாம்புகளை ஒலியடைத்த அறையில் வைத்துச் செய்யப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வு அதைத் திருத்தியது. தாழ்ந்த ஒலிகளுக்கு அவை அசைந்தன, சில விலகிப் போயின. ஆகவே பாம்பைக் கண்டதும் கத்தினால் அது விலகி ஒளிந்துகொள்ளலாம்; அதனால் நன்மையில்லை. கண்ணை எடுக்காமல் தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் பிடிக்க வருபவருக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

தேர்ந்தவர் பாம்பைப் பிடிக்கும் முறையிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. பல பிராணிகளுக்கு உடம்பின் இரு பக்கமும் ஏதேனும் உரசிக்கொண்டிருந்தால்தான் பாதுகாப்பாகத் தோன்றும். கூட்டத்தில் குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒண்டிக்கொள்வதைப் போல. இதைத் தொடுநாட்டம் என்று சொல்லலாம். பையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இருண்ட குழாய்வாயைப் பாம்பின் முன் வைத்தால், இதோ ஒரு பொந்து என்று அதுவே உள்ளே நுழைந்துவிடும். கழுத்தை அழுத்த வேண்டாம், வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். படம் எடுக்கும் பாம்பை ஆட்டிக் காட்டி வேடிக்கை செய்பவரைவிட, யாரும் கைதட்ட வழியில்லாமல் இரண்டு நிமிடத்தில் பாம்பைக் குழாய்க்குள் அனுப்பிவிடுபவரே தொழில் தெரிந்தவர்.

பிடித்த பாம்பை என்ன செய்வது? "ரொம்ப தூரத்துல கொண்டுபோய் விட்டுடுங்க" என்பதுதான் எல்லோரும் வைக்கும் வேண்டுகோள். கொல்லாமல் விடச் சொல்லும் அந்த நல்லெண்ணத்தை அறிவியல் மதிக்கிறது. தூரத்தை மட்டும் அது ஏற்பதில்லை.

ஒவ்வொரு பாம்புக்கும் தெரிந்த வட்டாரம் ஒன்று உண்டு. எந்த வரப்பில் எலி வளை, எந்தப் புற்றில் கோடையில் குளிர்ச்சி, கழுகு வந்தால் எந்தப் புதர், எல்லாம் அதற்குப் பழக்கம். இந்தப் பரப்பை உலவுபரப்பு எனலாம். இதைக் கண்டறிய ஆய்வாளர்கள் சிறு வானொலி அலைபரப்பியைப் பாம்பின் உடலுக்குள் அறுவை செய்து பொருத்துகிறார்கள். பிறகு அலைவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, நாள்தோறும் அது இருக்கும் இடத்தைக் குறிக்கிறார்கள். மாதக்கணக்கில் குறித்த புள்ளிகளை இணைத்தால் அந்தப் பாம்பின் ஊர் வரைபடம் கிடைத்துவிடும்.

கர்நாடகத்தில் விளைநிலங்களிலுள்ள கண்ணாடி விரியன்களை இப்படித் தொடர்ந்தபோது, உழுபவர்களுக்கும் அறுப்பவர்களுக்கும் மிக அருகிலேயே, அவர்கள் அறியாமல் அவை படுத்திருந்த நேரங்கள் பல என்று தெரிந்தது. அதே மாநிலத்தின் ஆகும்பேயில், வீடுகளிலிருந்து பிடித்து வேறிடத்தில் விட்ட ராஜநாகம், தன் இடத்திலேயே இருந்த ராஜநாகத்தைவிட மிக விரிந்த பரப்பில் அலைந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகளை வைத்து நடந்து, 1999-இல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையான உண்மையைச் சொன்னது. வேறிடத்தில் விடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் இறந்துபோயின. அங்கேயே வாழ்ந்துவந்தவற்றில் இறந்தது பத்தில் ஒன்று அளவே.

காரணம் விளங்கக்கூடியது. முகவரி தெரியாத பெருநகரில் நள்ளிரவில் இறக்கிவிடப்பட்டவர் என்ன செய்வார்? தெருத்தெருவாக அலைவார். பாம்பும் அலைகிறது. அலையும்போது சாலையைக் கடக்கிறது, பகைவர் கண்ணில் படுகிறது, வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைகிறது. கும்மிடிப்பூண்டியில் பிடித்த கண்ணாடி விரியனை இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்புக்காட்டில் விட்டால், அந்தக் காட்டோரக் குடிசைக்கு ஆபத்தை அனுப்பியதாகலாம், அந்தப் பாம்புக்கும் நன்மை செய்ததாகாது. ஆகவேதான் பிடித்த இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே, மனித நடமாட்டமில்லாத ஏற்ற வாழிடத்தில் விடுவதே நல்லது என்று பாம்பியலாளர்கள் சொல்கிறார்கள். எங்கே விடுவது என்பதைப் பிடிப்பவர் வனத்துறையோடு கலந்து செய்ய வேண்டும். சட்டப்படி இவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள்.

சரி, அருகிலேயே விட்டால் திரும்பி வராதா? வீடு மாறாமல் இருந்தால் வரும். அது வராவிட்டால் வேறொன்று வரும்.

பூண்டு அரைத்துக் கரைத்த தண்ணீர், கந்தகப் பொடி, பூச்சி உருண்டை, பினாயில் எனப் பாம்பை அண்டவிடாதவை என்று சொல்லப்படும் பொருட்கள் கடையில் பல கிடைக்கும். இவற்றில் சிலவற்றை 1980-களிலேயே அமெரிக்காவில் பாம்புகளை வைத்துச் சோதித்தார்கள். கந்தகத்தையும் பூச்சி உருண்டையையும் பாம்புகள் தாண்டிப் போயின. எந்த வாசனையாலும் வேலி கட்ட முடியவில்லை. சிமென்டால் முடியும்.

அறிவு முதலில் வேலை செய்ய வேண்டிய இடம் எலி. சோற்றுப் பாத்திரம், கோழித்தீவனம், நெல்மூட்டை, குப்பைத் தொட்டி, இவற்றை மூடினால் எலி குறையும். எலி குறைந்தால் சாரைக்கும் நாகத்துக்கும் வேலையில்லை. எலிக்கு நஞ்சு வைப்பதைவிட வளையை அடைப்பதும் பொறி வைப்பதும் நல்லது. அடுத்தது ஓட்டை. குட்டிப் பாம்பு நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். சுண்டுவிரல் போகும் துளையென்றால் அது திறந்த வாசல் என்றே கொள்ளலாம். கதவடி இடுக்குக்கு ரப்பர்ப் பட்டை, கழிவுநீர்க் குழாய் முனைக்குக் கம்பிவலை, சுவர் வெடிப்புக்குக் கலவைப் பூச்சு. மூன்றாவது, மறைவிடம். செங்கல், விறகு, பழைய இரும்பு எதுவானாலும் சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைக்கலாம்.

இதே கணக்கு மற்ற விருந்தாளிகளுக்கும் பொருந்தும். பொய்க்கூரைக்குள் இரவெல்லாம் உருட்டும் மரநாயைப் பொறி வைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டால், காலியான கூரைக்கு அடுத்த மரநாய் குடிவரும். இரவில் அது இரைதேட வெளியேறிய பிறகு, உள்ளே குட்டிகள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நுழைவழியை அடைப்பதே தீர்வு. குட்டி இருந்தால் அவை வளர்ந்து தாயோடு போகும்வரை காத்திருக்க வேண்டும்.

நல்ல பாம்பு பிடிப்பவரை எப்படி அறிவது? தீயணைப்புத் துறையை 101-இல் அழைத்தால் அவர்கள் வருகிறார்கள். வனத்துறை அலுவலகத்திலும் அறிவிக்கலாம். தனியாரை அழைப்பதானால் சிலவற்றைக் கவனித்தால் போதும். வனத்துறைக்குத் தெரிவிக்கிறாரா? குழாயும் பையும் நீண்ட கொக்கியும் வைத்திருக்கிறாரா? கூட்டத்தை விலக்குகிறாரா, அல்லது பாம்போடு படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிடுகிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிடித்து முடித்த பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை வருகிறாரா? கேரளம் 2020-இல் சர்ப்பா என்ற செயலியைக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களை மட்டும் அது மக்களோடு இணைக்கிறது. பரம்பரை அறிவு இவ்வளவு செறிந்திருக்கும் திருவள்ளூரில், அந்தச் சான்றிதழை முதலில் பெற வேண்டியவர்கள் இருளர் இளைஞர்களும் பெண்களுமே. மனைப் பட்டாவுக்குக்கூடப் பல ஆண்டு அலைந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு, தங்கள் அறிவுக்கு முறையான ஊதியம் கிடைக்கும் வழி அது.

இந்த அக்கறைக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் வேலை இது. நம் விஷமுறிவு மருந்தும் இந்த நான்குக்கானதே. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் தெரிவித்தாக வேண்டும். எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எந்த வகைக் குடியிருப்பில் கடி கூடுகிறது என்பது இனி வரைபடமாகத் தெரியவரும்.

அந்த வரைபடத்தில் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். பகலில் ஒளிந்து, இரவில் தரையோடு தரையாக ஊர்ந்து இரை தேடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. வயிற்று வலி, கண்ணிமை தொங்குதல் என்று விடிகாலையில் ஆரம்பித்து, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் வேரரைத்துக் கொடுப்பதிலும் நேரம் போக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி.

2007-இல் வெளியான நேபாள ஆய்வு ஒன்று, கொசுவலைக்குள் உறங்கியவர்களுக்கு இரவுக் கடி வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. கொசுவுக்காகக் கட்டிய வலை, ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் கட்டுவிரியனையும் வெளியே நிறுத்திவிடுகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றிய தகரக் கொட்டகைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இரவுப் பணி முடித்துத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு வலை, கொட்டகையை ஒட்டிக் கிடக்கும் கழிவுக் குவியலை அகற்ற ஒரு நாள் கூலி. அடுத்த ஐப்பசி மழைக்கு முன் அங்கே செய்யக்கூடிய வேலை இவ்வளவுதான்.